டிஆர்எல் பல்ப் மாற்றுவதற்கு முன் மண்டி போட்டு கண்ணாடியைப் படியுங்கள்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே எனக்கு ஒரு சின்ன ஒயரிங் கடை. அக்கம்பக்கம் முழுக்க லாரிக்கு ஜோடிப்பு வேலை நடந்துகொண்டே இருக்கும். கேபினைச் சுற்றி கலர் கலராக லைட் மின்னுவதைப் பார்த்துக்கொண்டே காரில் வருகிறவர்களுக்கும் கை அரிக்கும். போன மாதம் இராசிபுரத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய ஹாட்ச்பேக். "அண்ணா, டிஆர்எல் ரெண்டும் மஞ்சளா மங்கலா எரியுது. இதப் போட்டுக் குடுங்க" என்று ஒரு பாக்கெட்டை நீட்டினான். டிஆர்எல் என்றால் வண்டி ஓடும்போது பகலிலும் எரிகிற முன்பக்க விளக்கு. பாக்கெட்டில் எல்இடி பல்ப், ஒரு ஜோடி. அட்டையில் 20,000 லூமென், 8000 கெல்வின் என்று கொட்டை எழுத்து. லூமென் மொத்த வெளிச்சத்தின் அளவு, கெல்வின் வெளிச்ச நிறத்தின் அளவு.

அவன் வண்டியில் இருந்தது பி21டபிள்யூ. கடையில் 1156 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அந்த 21 வாட் குண்டு பல்ப். அது மொத்தமே 460 லூமென்தான் கொடுக்கும். அட்டையில் போட்டிருப்பது உண்மை என்றால் அந்தச் சூட்டில் அவன் பம்பர் தாங்காது.

டிஆர்எல் நமக்குப் பாதை காட்டுவதற்கு இல்லை, எதிரே வருகிறவனுக்கு நம் வண்டியைக் காட்டுவதற்கு. உலகத்தில் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 87-ஆம் எண் விதி, நேர் எதிரே நின்று அளந்தால் ஒரு டிஆர்எல் 400 கேண்டலாவுக்கு (ஒரு திசையில் பாயும் வெளிச்சத்தின் அளவு) குறையக் கூடாது, 1,200-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. கீழ் எல்லை மாதிரியே மேல் எல்லையும் உண்டு. எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தால் முதல் அடியே தப்பு.

முதல் வேலைக்கு ஸ்பேனர் வேண்டாம். வண்டி முன்னால் மண்டி போட்டு உட்காருங்கள். லைட் கண்ணாடியின் ஓரத்தில் பொடி எழுத்து வார்த்திருக்கும். செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் ஆர்எல் என்ற இரண்டு எழுத்தும் இருந்தால் அது டிஆர்எல் என்றே சோதித்து ஒப்புதல் வாங்கிய விளக்கு. வெறும் ஏ மட்டும் இருந்தால் அது பார்க் லைட். பி இருந்தால் ஃபாக் லேம்ப். ஏ-வும் ஆர்எல்-லும் சேர்ந்திருந்தால் ஒரே விளக்கு இரண்டு வேலையும் செய்கிறது: பகலில் முழு வெளிச்சம், ஹெட்லைட் போட்டதும் தணிந்து பார்க் லைட். ஃபாக் லேம்புக்குள் வெள்ளை எல்இடியைச் சொருகி "டிஆர்எல் ஆக்கிட்டேன்" என்று வருகிறவர்கள் உண்டு. கண்ணாடியில் இல்லாத எழுத்தைப் பல்ப் கொண்டுவராது.

அந்த ஆர்எல் ஒப்புதல் பல்புக்குத் தனியாகவும் கண்ணாடிக்குத் தனியாகவும் கொடுத்ததில்லை. இந்தக் கண்ணாடி, இந்த ரிஃப்ளெக்டர், இந்த வகை பல்ப் என்று சேர்த்துக் கொடுத்தது. பி21டபிள்யூ பல்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே இழை கடுகளவுதான். அடித்தட்டிலிருந்து ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த ஒரு புள்ளியை வைத்துத்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. தம்பி கொண்டுவந்த எல்இடியில் புள்ளியே கிடையாது. ஒரு தூண், அதன் நாலு பக்கமும் தலையிலும் சில்லு சில்லாக ஒட்டியிருக்கிறது. வெளிச்சம் வர வேண்டிய இடத்திலிருந்து வராமல் சுற்றியுள்ள தோலிலிருந்து வருகிறது.

வாயால் சொன்னால் தம்பி நம்பவில்லை. இடது பக்கம் பழைய பல்ப், வலது பக்கம் அவன் எல்இடி என்று போட்டேன். நேர் எதிரே நின்றால் எல்இடி கண்ணைக் குத்தியது. அவன் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. "இங்க வா" என்று விளக்கிலிருந்து பத்து அடி தள்ளி நிறுத்தி, அங்கிருந்து பக்கவாட்டில் மூன்றரை அடி நகர்த்தினேன். அது கிட்டத்தட்ட 20 டிகிரி கோணம். டிஆர்எல் அந்தக் கோணத்திலும் தெரிந்தாக வேண்டும் என்பது விதி. பழைய பல்ப் அங்கேயும் நிதானமாகத் தெரிந்தது. எல்இடி பக்கம் நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் இருட்டு. சந்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் டிவிஎஸ் ஃபிஃப்டிகாரர் உங்களைப் பார்ப்பது இந்தக் கோணத்தில்தான், நேர் எதிரே நின்று அல்ல. உங்கள் வீட்டு வாசலிலேயே இதைச் செய்து பார்க்கலாம், காசு செலவில்லை.

"பாக்கெட்ல ஈ மார்க் இருக்குதுங்ணா" என்றான். இருந்தது. அதன் கூடவே 10ஆர் என்றும் இருந்தது. அது ஐ.நா.வின் 10-ஆம் எண் விதி. அந்தப் பொருள் ரேடியோவுக்கும் மற்ற எலக்ட்ரானிக்ஸுக்கும் இரைச்சல் கொடுக்காது என்பதற்கான சான்று. வெளிச்சத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. இந்த ஒரு முத்திரையைக் காட்டியே ஊரெல்லாம் எல்இடி விற்கிறார்கள். ஜெர்மனியில் 2020-ல் ஆஸ்ராம் கம்பெனியின் எச்7 வகை எல்இடி பல்புக்கு ரோட்டில் ஓட்ட முறையான அனுமதி கிடைத்தது. ஆனால் அது ஹெட்லைட்டுக்கு, அதுவும் பட்டியலில் பெயர் உள்ள வண்டிகளுக்கு மட்டும். விளக்கு வாரியாகச் சோதித்த பிறகுதான் விட்டார்கள்.

நம் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி முதலில் கொடுத்த விவரத்தோடு ஆர்சி விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இறுக்கிப் பிடித்துத் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவை மாற்றி எழுதினார்கள். அனுமதியில்லாமல் பாகம் மாட்டி வண்டியை மாற்றினால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஆர்சி புக்கில் பல்ப் பெயரா எழுதியிருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எழுதவில்லைதான். ஆனாலும் ஒப்புதல் பெற்ற விளக்கை ஒப்புதல் இல்லாததாக மாற்றிவிட்டு ரோட்டோரம் நின்று அந்த வாதத்தைச் செய்ய எனக்குத் தெம்பில்லை. முன்பக்கம் சிவப்பு, நீலம் பற்றிப் பேச்சே வேண்டாம். 8000 கெல்வின் என்று போட்டிருப்பது வெள்ளையில்லை, நீலம் பாய்ந்த நிறம். அந்தப் பாக்கெட் அங்கேயே அடிபட்டுவிட்டது.

சரி, அப்போது என்னதான் செய்வது? பாதி வண்டிகளில் குற்றவாளி பல்பே இல்லை. தம்பி வண்டியில் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், பல்ப் எரியும்போது ஹோல்டரில் அளந்தால் 12.3 தான். நடுவழியில் 1.8 வோல்ட் காணாமல் போகிறது. இழை பல்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் தடாலென்று இறங்கும், 13.5 வர வேண்டிய இடத்தில் 12.5 வந்தால் கால்வாசி வெளிச்சம் போய்விடும், நிறமும் மஞ்சளாகிவிடும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்விலும் மற்றதை ஹோல்டரின் எர்த்திலும் வையுங்கள், லைட் எரிந்துகொண்டே இருக்கட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இவன் வண்டியில் 1.5 காட்டியது. ஹெட்லைட்டுக்குக் கீழே பாடியில் முறுக்கியிருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினால் பச்சைப் பாசி பிடித்த மாதிரி துரு. எமெரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முறுக்கி, மேலே கொஞ்சம் வேசலின் தடவினேன். ஹோல்டரில் 13.7 வந்தது. பழைய பல்புக்கே உயிர் வந்துவிட்டது.

அப்புறம் கண்ணாடி. வெயிலில் மஞ்சளாகிப் போன பிளாஸ்டிக்கை 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ் போட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். யுவி பூச்சு அடிக்காமல் விட்டால் மறுபடி மஞ்சளாகும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

அதன் பிறகுதான் புதுப் பல்ப். ஃபிலிப்ஸ், ஆஸ்ராம் மாதிரி பெயருள்ள கம்பெனி, அதே வகை, அதே 21 வாட், பல்பின் அடிப்பித்தளையில் ஈ முத்திரை. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் மாறுகண் மாதிரி தெரியும். வாட்டைக் கூட்டாதீர்கள். 21 வாட்டுக்கு வார்த்த விளக்குக் கூட்டுக்குள் 55 வாட் போட்டால் ரிஃப்ளெக்டர் வெந்துவிடும். கழற்றும்போது பல்பை உள்ளே அமுக்கி இடப்பக்கம் திருப்ப வேண்டும். ஏறவில்லை என்றால் முறுக்காதீர்கள், பக்கவாட்டுக் குமிழ்களைப் பாருங்கள்: பி21டபிள்யூவில் இரண்டும் ஒரே உயரம்; இரட்டை இழையுள்ள 1157-ல் ஒன்று மேலே ஒன்று கீழே; மஞ்சள் இண்டிகேட்டர் பல்பில் ஒரே உயரம்தான், ஆனால் நேர் எதிரெதிரே இருக்காது. தப்பான இடத்தில் தப்பான பல்ப் ஏறிவிடக் கூடாது என்றுதான் இப்படி வைத்திருக்கிறார்கள். அதையும் கட்டிங் பிளேயரால் ராவிவிட்டுச் சொருகிய கையை நான் பார்த்திருக்கிறேன். சில வண்டிகளில் டிஆர்எல்லும் ஹை பீமும் ஒரே எச்15 பல்பில் வரும்; அது ஹாலஜன், கண்ணாடியை விரலால் தொடக் கூடாது.

ரெசிஸ்டர் பற்றி ஒரு வார்த்தை, என் சொந்தக் கதை. எல்இடி போட்டதும் டேஷ்போர்டில் பல்ப் போய்விட்டது என்று எச்சரிக்கை வரும், சில சமயம் விளக்கு படபடக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் 21 வாட் இழுவையை எதிர்பார்க்கிறது, கிடைப்பதோ நாலைந்து வாட். அதற்கு 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். சில வருடங்களுக்கு முன் என் வண்டியிலேயே அதைச் செய்தேன், பம்பர் உள்பக்கம் ஜிப் டை போட்டு. இண்டிகேட்டரில் அது தப்பிக்கும். சில நொடி மின்னி அணைந்துவிடுகிறது. டிஆர்எல் பயணம் முழுவதும் எரிகிறது. 14 வோல்ட்டில் அந்த ரெசிஸ்டர் 33 வாட்டை வெறும் சூடாகவே கொட்டும். திருச்சிக்குப் போகிற வழியில் தொட்டியம் தாண்டும்போது பிளாஸ்டிக் கருகும் வாசனை. இறங்கிப் பார்த்தால் பம்பரில் எட்டணா அளவுக்கு ஓட்டை. என் பெண்டாட்டி இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

எல்இடிதான் வேண்டும் என்றால் பல்பாக வாங்காதீர்கள், விளக்காக வாங்குங்கள். உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே எல்இடி டிஆர்எல் கொடுத்திருந்தால் அந்த முழு அசெம்ப்ளியை அதன் கப்ளரோடு சர்வீஸ் சென்டரில் போட்டுக்கொள்வது சுத்தமான வழி; பில்லை வண்டியிலேயே வையுங்கள். வெளி மார்க்கெட் கிட் என்றால் கண்ணாடியில் ஆர்எல் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இருந்தாலும் 52-ஆம் பிரிவுக் கேள்வி இருக்கவே இருக்கிறது. உங்கள் ஆர்டிஓ ஆபீஸில் கேட்காமல் பம்பரில் ஓட்டை போட வேண்டாம். பொருத்தும் இடத்துக்கும் அளவு இருக்கிறது: தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் கீழே போகக் கூடாது, இரண்டு விளக்குக்கும் நடுவே குறைந்தது 60 செ.மீ.

அந்தக் கிட்டில் மூன்று வயர் வரும். சிவப்பு, கறுப்பு, இன்னொன்று. அந்த மூன்றாவதைத்தான் பலர் சுருட்டி டேப் ஒட்டிவிடுகிறார்கள். அது பார்க் லைட்டுக்குப் போக வேண்டியது. ஹெட்லைட் போட்டதும் டிஆர்எல்லை அணைப்பதோ தணிப்பதோ அதன் வேலை. அதை விட்டுவிட்டால் ராத்திரி எதிரே வருகிறவனுக்கு நாலு ஹெட்லைட். மெயின் வயரில் ஃபியூஸ் கட்டாயம்.

வேலை முடிந்த பிறகு பார்க்க வேண்டியது: சாவியைத் திருப்பி இன்ஜின் ஓடியதும் தானாக எரிய வேண்டும், அணைத்ததும் அணைய வேண்டும். தம்பி வண்டியை முதலில் பகலில் ஓட்டிப் பார்த்தோம். பைக்கில் எதிரே வந்த பெரியவர் ஒருவர் கையை மூடி மூடித் திறந்து "லைட் எரியுது" என்று சைகை காட்டினார். 2017 ஏப்ரலிலிருந்து புது பைக்குகளில் பகலிலும் லைட் எரிவது கட்டாயமான பிறகும் இந்தச் சைகை நம் ஊரில் போகவில்லை. தம்பிக்குச் சந்தோஷம், கண்ணுக்குத் தெரிகிறது என்று அர்த்தம் அல்லவா. பிறகு பொழுது சாயும்வரை டீ குடித்துக்கொண்டு காத்திருந்து, சுவருக்கு எதிரே நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டோம். டிஆர்எல் இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்தன. பல்பை எட்டுவதற்காகக் கழற்றியிருந்த வீல் ஆர்ச் கிளிப்புகளை அழுத்தி மூடினேன். பல்ப் இரண்டும் கூலியும் சேர்த்து 450 ரூபாய். எல்இடி பாக்கெட்டை மேஜை மேலேயே மறந்துவிட்டுப் போய்விட்டான், இன்னும் வந்து எடுக்கவில்லை.