பழைய பாறையைச் சுத்தம் செய்து கடல்நீர்த் தொட்டியில் மீண்டும் பயன்படுத்துவது எப்படி?

கலைத்த கடல்மீன் தொட்டியிலிருந்து எடுத்து வைத்த பாறை, வெயிலில் காய்ந்து வெளுத்துப் பார்வைக்குச் சுத்தமாகவே தெரியும். ஆனால் அதன் துளைகளுக்குள் இரண்டு பொருள்கள் தங்கியிருக்கும். ஒன்று, இறந்துபோன கடற்பஞ்சு, புழு, பாசி ஆகியவற்றின் எச்சம். மற்றொன்று, பாறையின் கால்சியம் கார்பனேட்டோடு ஒட்டிக்கொண்ட பாஸ்பேட். நீரில் இட்டதும் முன்னது அழுகி அம்மோனியாவைக் கிளப்பும். பின்னது மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து பாசியை வளர்க்கும். ஒன்றை நீக்கும் முறை மற்றொன்றை நீக்காது என்பதால், எதற்காக எந்த வேலையைச் செய்கிறோம் என்ற தெளிவு முதலில் வேண்டும்.

அதற்கும் முன்பு, பாறை எந்தத் தொட்டியில் கிடந்தது என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். மீன் நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றிய தொட்டியில் இருந்த பாறை அந்தச் செம்பை உறிஞ்சி வைத்திருந்து பிறகு வெளிவிடக்கூடும். பவளம், இறால், நத்தை வளர்க்கும் தொட்டிக்கு அதைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது. மாறாக, இன்னும் ஈரம் காயாமல், துர்நாற்றம் இல்லாமல், ஐப்டேசியா (வேகமாகப் பெருகும் சிறு கடற்சாமந்தி) போன்ற தொல்லைகளும் இல்லாமல் இருக்கும் பாறையை ப்ளீச்சில் போடுவது, இருக்கிற நல்ல பாக்டீரியாவை வீணாகக் கொல்வதாகும். அதைக் கடல்நீரிலேயே அலசிப் பயன்படுத்தலாம்.

பாறையை எக்காரணம் கொண்டும் கொதிக்க வைக்கக் கூடாது. பாறையில் ஒட்டி வளரும், பவளத்துக்கு உறவான சில ஸோவாந்திட் உயிரிகளில், குறிப்பாகப் பாலித்தோவா என்ற இனத்தில், பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கலாம். கொதிக்கும்போது அது ஆவியோடு கலந்து மூச்சுக்குள் போய், வீட்டில் உள்ள அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடக்கூடும். தேய்க்கும்போதும் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம்.

முதல் வேலை தேய்ப்பதுதான். கெட்டியான பிரஷ்ஷால் பாசியையும் பஞ்சையும் சுரண்டியெடுத்த பின், வாளி நீரில் பாறையை முக்கி வேகமாகக் குலுக்கினால், துளைகளிலிருந்து பழுப்பு நிறச் சேறு புகைபோல வெளிவந்து அடியில் படியும். நீர் ஓரளவு தெளியும்வரை வாளியை மாற்றிக்கொண்டே இருங்கள். இங்கே காட்டும் பொறுமை பின்னால் ப்ளீச்சின் வேலையைப் பாதியாக்கும்.

அடுத்து, வாசனையோ சோப்போ கலக்காத திரவ ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு என்ற அளவில் கலந்து, பாறை முழுவதும் மூழ்கும்படி ஊற்றி, நீரைச் சுழற்ற ஒரு சிறிய பம்பையும் போட்டு, காற்றோட்டமான இடத்தில் சில நாள்கள் முதல் ஒரு வாரம் வரை விட்டுவிடவும். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். அதன் கரையாத சுண்ணாம்பு துளைகளில் அடைத்துக்கொள்ளும். பிறகு பலமுறை அலசி, குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் கலந்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, நன்றாகக் காயவிடவும். காய்ந்த பாறையை மூக்கருகே வைத்துப் பார்த்தால் குளோரின் நெடியும் வரக்கூடாது, அழுகல் நாற்றமும் வரக்கூடாது. அழுகல் நாற்றம் இருந்தால் உள்ளே இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். மறுபடியும் ப்ளீச் போடுங்கள்.

பாஸ்பேட் மிகுந்த பாறைக்கு மட்டுமே அமிலக் குளியலைப் பரிந்துரைப்பேன். அமிலம் பாறையின் மேல்தோலையே கரைத்து, அதில் ஒட்டிய பாஸ்பேட்டையும் கொண்டுபோகிறது. பாறையும் சிறிது தேயும், ஆழத்தில் உள்ளது அப்படியே இருக்கும். கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பங்கைப் பத்துப் பங்கு நீரில் கலக்க வேண்டும்; நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டுமே தவிர, அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. திறந்தவெளியில் செய்யுங்கள். நுரை அடங்கியதும் அமிலம் தீர்ந்துவிட்டது. பாறையை எடுத்து அலசலாம். ப்ளீச்சின் சுவடு சிறிதாவது மிஞ்சிய பாறையில் அமிலம் பட்டால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும் என்பதால், இரண்டு குளியலுக்கும் இடையே பாறை முழுமையாகக் குளோரின் நீங்கிக் காய்ந்திருக்க வேண்டும். அமிலத்துக்கு அஞ்சுவோர் வினிகரைப் பயன்படுத்தலாம். வேகம் குறைவு, அவ்வளவுதான்.

இனி ஆறப்போடும் காலம்; அதாவது, மிச்சமுள்ள பாஸ்பேட் கசிந்து தீரவும் நல்ல பாக்டீரியா குடியேறவும் பாறையை உப்புநீரில் விட்டுவைப்பது. மூடியுள்ள பெரிய தொட்டியில் ஆர்ஓ நீரில் கலக்கிய உப்புநீரை 1.025 அடர்த்தியில் நிரப்பி, பம்பும் 25 முதல் 27 டிகிரி வெப்பம் தரும் ஹீட்டரும் போட்டு, வெளிச்சம் படாமல் வைக்கவும். கடைசி அலசலுக்கும் இந்த நீருக்கும் குழாய்நீரைப் பயன்படுத்தினால், அதிலேயே பாஸ்பேட் இருக்கக்கூடும். பாட்டில் பாக்டீரியாவோ, நம்பகமான தொட்டியிலிருந்து எடுத்த சிறு உயிர்ப்பாறைத் துண்டோ (நல்ல பாக்டீரியா குடியிருக்கும் பாறை) சேர்த்தால், பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரஜன் சுழற்சி விரைவில் தொடங்கும். வாரம் ஒருமுறை அம்மோனியா, நைட்ரைட், பாஸ்பேட் மூன்றையும் சோதித்து, பாஸ்பேட் ஏறினால் பெருமளவு நீரை மாற்றுங்கள், அல்லது பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு வடிகட்டியைப் போடுங்கள். நீர் மாற்றிய அன்று எண் இறங்குவதை நம்ப வேண்டாம். பாறை மீண்டும் கசியவிட ஒரு வாரம் கொடுத்துப் பிறகு அளப்பதே உண்மையைச் சொல்லும். பொதுவாக இதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சோதனைக்காகச் சிறிது அம்மோனியா சேர்த்துப் பாருங்கள்; அது ஒரே நாளில் பூச்சியமாகி, நைட்ரைட்டும் இல்லாமல், பாஸ்பேட் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே நிலைத்து நின்றால், பாறையைத் தொட்டிக்கு மாற்றலாம். மணல் போடுவதற்கு முன்பே தொட்டியின் அடித்தளத்தில் நேரடியாக அடுக்குங்கள். மணலின்மேல் அடுக்கினால், குழி தோண்டும் மீன்கள் பாறையைச் சரித்துவிடும்.