1987 ஃபைனல் ஃபேண்டஸி: கோனேரியாவிலிருந்து கால்வாய் தாண்டும் வரை

முதல் ஃபைனல் ஃபேண்டஸி வீடியோ கேம் 1987 டிசம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு வந்தது. ஆங்கிலப் பதிப்பு 1990இல் அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸுக்கு வந்தது. இந்தக் குறிப்புகள் அந்த என்இஎஸ் பதிப்புக்கானவை. 2021இல் வந்த புதுப்பித்த பதிப்பான பிக்சல் ரீமாஸ்டரில் இங்கே சொல்லும் தொல்லைகளில் பாதி கிடையாது. பழையதையே ஆடுவது என்று முடிவெடுத்தவர்கள் ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்: இதில் சில தொல்லைகள் விளையாட்டின் விதிகள், சில நிரல் பிழைகள். விதியோடு மல்லுக்கட்டுவதில்தான் ருசி இருக்கிறது. பிழையோடு மல்லுக்கட்டினால் கோல்டும் நேரமும் வீண்.

ஆறு வகுப்புகளிலிருந்து நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல்முறை ஆடுபவருக்கு ஃபைட்டர் (வாள்வீரர்), பிளாக் பெல்ட் (கைச்சண்டைக்காரர்), ஒயிட் மேஜ் (குணப்படுத்தும் மந்திரவாதி), பிளாக் மேஜ் (தாக்கும் மந்திரவாதி), இதே வரிசையில். வரிசை முக்கியம். எதிரியின் எட்டு அடியில் சராசரியாக நான்கு முதல் ஆளுக்கு, இரண்டு இரண்டாமவருக்கு, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று. ஆகவே கவசம் தடித்தவர் மேலே, மேஜ்கள் கீழே. சண்டையில் செத்துப்போனவரை விளையாட்டே கடைசி இடத்துக்குத் தள்ளிவிடும். உயிர்ப்பித்த கையோடு வரிசையைச் சரிபார்க்காவிட்டால் பிளாக் மேஜ் முன்னால் நின்று அடி வாங்கிக்கொண்டிருப்பார்.

தொடக்க ஊரான கோனேரியாவில் கையில் 400 கோல்டு. அதை இப்படிச் செலவழியுங்கள்: ஃபைட்டருக்கு ரேப்பியர் 10, செயின் கவசம் 80. பிளாக் பெல்ட்டுக்கு மர நஞ்சக்கு 10, மரக் கவசம் 50. ஒயிட் மேஜுக்குச் சுத்தியல் 10, துணி 10, க்யூர் மந்திரம் 100. பிளாக் மேஜுக்குக் கத்தி 5, துணி 10, ஃபயர் மந்திரம் 100. மொத்தம் 385. மீதி 15 கோல்டில் விடுதியில்கூடத் தங்க முடியாது, அங்கே ஒரு இரவுக்கு 30. ஆனால் ஊருக்கு வெளியே திரியும் குட்டி எதிரியான இம்ப் ஒவ்வொன்றும் 6 கோல்டு தரும். ஐந்து இம்ப் விழுந்தால் ஒரு இரவு. ஆரம்ப நேரம் முழுக்க இந்தக் கணக்குதான் ஓடும், அது அலுப்பே தராது.

வாங்கியது தானாக மாட்டிக்கொள்ளாது. மெனுவில் ஆயுதம், கவசம் இரண்டுக்கும் தனித்தனியாகப் போய் மாட்ட வேண்டும். யார் எதை மாட்டலாம் என்று கடைக்காரர் சொல்லமாட்டார். ஒருவர் நான்கு ஆயுதம், நான்கு கவசம்தான் சுமக்கலாம். இடம் இல்லாவிட்டால் பெட்டியில் இருப்பதை எடுக்க முடியாது. குகைக்குள் நுழையுமுன் பழையதை விற்று, ஆளுக்கு ஓரிடமாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஆடுபவரை அதிகம் கடுப்பேற்றுவது சண்டையின் நடுவே வரும் ‘இன்எஃபெக்டிவ்’ என்ற சொல். நால்வரும் ஒரே இம்ப்பைக் குறிவைத்து, முதல் அடியிலேயே அது செத்தால், மற்ற மூவரின் அடியும் காற்றில் போகும். அடுத்த எதிரிக்குத் தானாக மாறாது. இது பிழையல்ல, விதி. அதற்கு ஏற்றபடி அடியைப் பங்கிடப் பழகுங்கள். இம்ப்புக்கு 8 ஹெச்பிதான் (ஹெச்பி என்பது உயிர்ப் புள்ளி), ஃபைட்டரின் ஓரடி போதும், எனவே ஆளுக்கு ஒன்று. பெரிய எதிரியானால் ‘ஃபைட்டரின் அடிக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சும்?’ என்று யோசித்து இரண்டாமவரை அதே குறியில் விடுங்கள். ஒரு மணி நேரத்தில் எதிரிகளின் ஹெச்பி மனப்பாடமாகிவிடும். ஓர் இம்ப் கூட்டத்தை ஓரடிகூட வீணாகாமல் முடிக்கும் திருப்தி, தானாகக் குறி மாற்றும் பதிப்புகளில் கிடைப்பதில்லை.

மூன்றாம் லெவல் வந்ததும் இளவரசியைக் கடத்திய கார்லண்டிடம் போகலாம். அவருக்கு 106 ஹெச்பி, மந்திரம் எதுவும் போடமாட்டார். ஃபயரை அங்கே போகும் வழியில் செலவழிக்காமல் அவருக்கே வையுங்கள். இளவரசியை மீட்டுக் கொடுத்ததும் அரசர் பாலம் கட்டிக் கொடுப்பார். அந்தப் பாலத்தில் கால் வைக்கும்போது அவசரப்பட்டு பட்டனை அழுத்தாதீர்கள். திரை மாறும். நால்வரும் சின்ன நிழல்களாகக் குன்றின்மேல் நிற்பார்கள், இசை எழும், கதையின் முன்னுரை அப்போதுதான் வரும். அதுவரை ஆடியதெல்லாம் முன்னோட்டம் என்று அந்த இடத்தில்தான் புரியும். முப்பது சொச்சம் வருடம் கழித்தும் அந்த ஒரு திரை மெய்சிலிர்க்க வைக்கிறது.

இனி பிழைகள். பாலம் தாண்டி வரும் துறைமுக ஊரான ப்ரவோகாவில் 400 கோல்டுக்கு விற்கும், தாக்கு பலத்தைக் கூட்டவேண்டிய டெம்பர் மந்திரத்தை வாங்காதீர்கள், அது வேலையே செய்யாது. பின்னால் வரும் சேபரும் அப்படியே. லாக் எதிரிமேல் படுவதே இல்லை. லாக்-2 எதிரி நம் அடியிலிருந்து தப்புவதைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். புத்திக் கூர்மை எண் ஏறினாலும் மந்திரத்தின் பலம் ஏறாது. குறிப்பிட்ட வகை எதிரிக்கென்று பெயர் வைத்த வாள்கள் அந்த எதிரியைக் கூடுதலாகத் தாக்காது, வெறும் தாக்கு எண்ணைப் பார்த்து வாங்குங்கள். மந்திரங்கள் நிலை நிலையாகப் பிரிந்தவை. ஒரு நிலைக்கு நான்கு மந்திரம் இருந்தாலும் ஒருவர் மூன்றுதான் கற்க முடியும், கற்றதை மறக்கவும் வழியில்லை.

ப்ரவோகாவில் கப்பல் கிடைத்ததும் எல்ஃப்களின் ஊரான எல்ஃப்லாண்டுக்குப் போங்கள். முதலில் 4000 கோல்டு சில்வர் வாள், அதன்பின் அதே விலையில் ஃபாஸ்ட் மந்திரம். ஃபாஸ்ட் ஓர் ஆளின் அடிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும். இந்த விளையாட்டிலேயே மிகப் பயனுள்ள மந்திரம் அதுதான். ஐந்தாறு லெவல் தாண்டிய பிளாக் பெல்ட்டின் நஞ்சக்குவைக் கழற்றிப் பாருங்கள். வெறுங்கையின் தாக்கு எண் அவர் லெவலின் இரு மடங்கு, அடியும் இரட்டை.

சீக்கிரம் லெவல் ஏற்ற ப்ரவோகாவுக்கு வடகிழக்கே உள்ள முனைக்கு நடங்கள். உலக வரைபடத்தை 32க்கு 32 கட்டம் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் எதிரிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்த முனையின் நுனி மட்டும் பக்கத்துப் பகுதியில் விழுவதால், பின்னால் வரவேண்டிய ட்ரோல்கள் அங்கே இப்போதே வரும். எட்டாம் லெவலுக்குமுன் போனால் அடி தாங்காது. வாசலிலேயே டென்ட் போட்டு சேவ் செய்துவிட்டு, ஒரு சண்டை, திரும்ப டென்ட் என்று போவது பாதுகாப்பு.

கதைக்குத் தேவையான கிரீடம் இருக்கும் மார்ஷ் கேவ் குகைதான் பலர் விட்டுவிட்டுப் போகும் இடம். குகைக்குள் சேவ் கிடையாது, வெளியே கொண்டுவந்து விடும் மந்திரமும் இந்தக் கட்டத்தில் கையில் இருக்காது. போகிற அளவுக்குத் திரும்பியும் நடக்க வேண்டும். அதனால் ஹீல் மருந்து 50க்குக் குறையாமல், விஷத்துக்குப் ப்யூர் ஏழெட்டு. ஹீல் ஒன்று 60 கோல்டு, 30 ஹெச்பி தரும், 99 வரை வைக்கலாம். கடையில் ஒவ்வொன்றாகத்தான் வாங்க முடியும், ஒவ்வொரு முறையும் ‘ஆம்’ சொல்ல வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை, பொறுமையாக அழுத்துங்கள். கிரீடப் பெட்டிக்கு முன்னால் விஸார்ட் கூட்டம் கட்டாயம் வரும். மூன்றாம் நிலை மந்திரம் முழுவதையும் அதற்கு மிச்சம் பிடியுங்கள்.

கிரீடத்தோடு வடமேற்குக் கோட்டைக்குப் போகுமுன் வாசலில் சேவ் செய்யுங்கள். அங்கே அரசர் வேடத்தில் இருப்பவர் ஆஸ்டோஸ் என்ற எதிரி. அவர் போடும் ‘ரப்’ ஒரே வீச்சில் ஆளைக் கொல்லும். 168 ஹெச்பிதான், முதல் சுற்றிலேயே ஃபைட்டருக்கு ஃபாஸ்ட் போட்டு விரைவாக முடியுங்கள்.

மந்திரச் சாவியால் வெடிமருந்தை எடுத்து, அதனால் கால்வாய் திறந்ததும் மெல்மண்ட் ஊருக்குக் கிளம்புவீர்கள். அங்கே மருந்துக் கடை இல்லை. ஹீல், டென்ட், கல்லானவரை மீட்கும் சாஃப்ட் இரண்டு, எல்லாவற்றையும் எல்ஃப்லாண்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மெல்மண்டின் நிலம் அழுகிக்கொண்டிருக்கும். அதற்காக எர்த் கேவ் குகையில் வாம்பயரைக் கொன்ற பிறகும் நிலம் தேறாது. ரூபியை வழிமறிக்கும் பூதமான டைட்டனிடம் கொடுத்து, சார்டா என்ற முனிவரிடம் கோல் வாங்கி, அதே குகைக்குள் மறுபடி இறங்க வேண்டும். இது விதி, மருந்துக் கணக்கை இரு மடங்காகப் போடுங்கள்.

பின்னால் டென்ட் போலவே தங்கி சேவ் செய்ய உதவும் ஹவுஸ் கிடைக்கும்போது ஒரு பிழையை மறக்காதீர்கள். அது முதலில் சேவ் செய்துவிட்டு அப்புறம்தான் மந்திரத்தை நிரப்பும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் மந்திரம் காலியாகவே இருக்கும். ஹவுஸ் போட்ட கையோடு 75 கோல்டு டென்ட் ஒன்றையும் போடுங்கள், நிரம்பிய நிலையே சேவ் ஆகும். அசல் கேட்ரிட்ஜில் ஆடுபவர்கள் ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடியே பவரை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரே சேவும் அழிந்துபோகலாம்.