எல்லா அறைக்கும் ஒரே பிளைவுட்டா?

பாலக்கோட்டில் ஒரு வீடு. குடிவந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. "தம்பி, சிங்க்குக்குக் கீழே இருக்கற கதவு மூடவே மாட்டேங்குது. கீல் போயிடுச்சு போல, ஒரு எட்டு வந்து பாருப்பா" என்று அந்த வீட்டு அக்கா போன் செய்தார். போய்ப் பார்த்தால் கீலில் ஒரு குறையும் இல்லை. கதவின் அடி ஓரம் தண்ணீர் குடித்து உப்பியிருந்தது. வெளியே மைக்கா மட்டும் புதுசு மாதிரி பளபளத்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனியை ஓரத்தில் விட்டு நெம்பினேன். மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து வந்தது.

கொட்டேஷனை எடுத்துவரச் சொன்னேன். 'வாட்டர் ப்ரூஃப் பிளை' என்று ஒரு வரி இருந்தது. எந்தத் தரம், எந்த ஐ.எஸ். எண் (அரசு தரக்குறிப்பு எண்) என்று எதுவும் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில் படுக்கையறை அலமாரிகள் எல்லாம் அசல் 710, அதாவது தண்ணீரை நன்றாகத் தாங்கும் தரம். "துணிமணி, நகை வைக்கிற இடமாச்சே" என்று வீட்டுக்காரர் அங்கே செலவைக் கூட்டிவிட்டு, அடுப்படியில் கையைச் சுருக்கிக்கொண்டார். தண்ணீரே படாத இடத்தில் தண்ணீருக்கென்று செய்த பலகை; தண்ணீர் சொட்டும் இடத்தில் சாதாப் பலகை.

தர்மபுரிக்கும் ஓசூருக்கும் நடுவே பல வருஷமாக வீட்டு உள்வேலைக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்க்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். 'எந்தக் கம்பெனி நல்லது, சதுரடி என்ன விலை' என்று கேட்கிறார்கள். இந்தப் பலகை நிற்கப்போகிற இடத்தில் தண்ணீர் படுமா, கரையான் வருமா, எவ்வளவு பாரம் ஏறும் என்று கேட்பவர்கள் குறைவு.

தரம் என்பது பெரும்பாலும் பசை

மரத்தை மெல்லிய தாளாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பசை போட்டுச் சூட்டில் அழுத்தினால் பிளைவுட். தண்ணீரில் முதலில் தோற்பது பசைதான். எம்.ஆர். (ஈரம் தாங்கும்) தரத்தில் யூரியா பார்மால்டிஹைடு பசை. இது காற்றில் இருக்கும் ஈரத்தைத் தாங்கும், அவ்வளவே. கடையில் 'கமர்ஷியல்' என்று சொல்வது இதைத்தான். அடுத்தது பி.டபிள்யூ.ஆர்., கொதிநீரை ஓரளவு தாங்கும் பசை. இந்த இரண்டும் ஐ.எஸ். 303 என்ற தரக்குறிப்பில் வருகின்றன. ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட். படகு வேலைக்கென்று வந்தது. அதன் பீனால் பசை 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் கிடந்தாலும் விடக்கூடாது என்பது விதி.

வெறும் 'வாட்டர் ப்ரூஃப்' என்ற பெயரில் தரம் எதுவும் கிடையாது. அது விற்கிறவர் வாய்ச்சொல். கொட்டேஷனில் அந்த வார்த்தை இருந்தால் அடித்துவிட்டு, 303 எம்.ஆர்., 303 பி.டபிள்யூ.ஆர்., 710 இவற்றில் எது என்று எழுதி வாங்குங்கள். எந்த இடத்துக்கு எது, எத்தனை மி.மீ. என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

அடுப்படியில் கஞ்சத்தனம் வேண்டாம்

கீழ் அலமாரி முழுக்க 710. இதில் பேரம் பேசாதீர்கள். சிங்க் குழாயின் வாஷர் என்றைக்காவது தேயும், சொட்டும். அது யார் கண்ணிலும் படாமல் பல நாள் சொட்டும். மேல் அலமாரிக்கு பி.டபிள்யூ.ஆர். போதும். அங்கே தாளிக்கிற ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் பிரச்சினை. புகைபோக்கி இல்லாத வீடு என்றால் அடுப்புக்கு நேர் மேலே வரும் ஒரு பெட்டியை மட்டும் 710-இல் செய்துகொள்ளலாம்.

ஆனால் 710 போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. பலகையின் முகத்தை மைக்கா மூடிவிடும். அறுத்த ஓரம்தான் திறந்த வாய். குழாய் போவதற்காக ஆசாரி ஓட்டை போடுவார் பாருங்கள், அந்த ஓட்டையின் உள்சுற்று பச்சையாகவே நிற்கும். அதில் பிசினோ வார்னிஷோ பூசச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை, சொல்லாவிட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். பெட்டியைத் தரையில் உட்கார வைக்காமல் நான்கு அங்குலம் தூக்கி பி.வி.சி. கால்களில் நிறுத்துவதும் அப்படித்தான். நம் வீடுகளில் அடுப்படியைக் குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. துடைப்பத்தோடு தள்ளுகிற தண்ணீர் முதலில் போய் நிற்பது அலமாரியின் அடியில்.

எனக்கு ஒரு சொந்த அபிப்பிராயம் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருந்துகொண்டு சிங்க்குக்கு அடியில் பிளைவுட் போடுவதே வீண். கிரானைட் அறுக்கிற ஊர் இது. பட்டறையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டுக் கல்லை வாங்கி அடித்தட்டாக வைத்துவிட்டு, கதவுக்கு மட்டும் பலகை போடலாம். நம் அம்மாக்கள் கடப்பாக் கல்லில் ஷெல்ஃப் கட்டிப் பாத்திரம் அடுக்கினார்கள். அந்தக் கல் எதுவும் உப்பவில்லை.

குளியலறை

இங்கே பிளைவுட்டே வேண்டாம். 710-உம் வேண்டாம். தினமும் தெறிக்கிற இடம், காய நேரமே கிடைக்காத இடம். வாஷ்பேசின் அடிப்பெட்டிக்கும் கதவுக்கும் பி.வி.சி. அல்லது டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போதும்.

படுக்கையறை

தண்ணீர் வராத சுவரில் நிற்கும் துணி அலமாரிக்கு நல்ல எம்.ஆர். போதும். இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7 அடி உயரம், 5 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு அலமாரி. முகப்பு 35 சதுரடி. ஆனால் பக்கப் பலகை இரண்டும் 28, மேலும் கீழும் 20, நான்கு தட்டு 40, கதவு 35 என்று கூட்டினால் 123 சதுரடி ஆகிறது. எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 32 சதுரடி. ஆக 18 மி.மீ. ஷீட் நான்கு, முதுகுப் பலகை தனி, அறுப்பில் வீணாவது இன்னும் தனி. எம்.ஆருக்கும் 710-க்கும் சதுரடிக்கு 30 ரூபாய்தான் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும் ஓர் அலமாரிக்கு 3,840 ரூபாய் கூடும். மூன்று அறைக்குச் சேர்த்தால் அந்தப் பணத்தில் நல்ல கீலும் டிராயர் சேனலும் வாங்கிவிடலாம்.

ஒரு விதிவிலக்கு. அலமாரி சாய்ந்திருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருந்தால் எம்.ஆர். கூடாது. பி.டபிள்யூ.ஆர். எடுத்து, சுவருக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே அரை அங்குலமாவது இடைவெளி விடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே வரும் லாஃப்ட் கதவுக்கும் இதேதான். ஐப்பசி மழையில் தளம் கசிகிற வீடு எது என்று உங்களுக்கே தெரியும்.

நீளக் கதவு இன்னொரு தொல்லை. தரையிலிருந்து லாஃப்ட் வரை ஒரே கதவாக வேண்டும் என்கிறார்கள். ஏழடிக்கு மேல் போனால் பிளைவுட் கதவு வில்லாக வளைய வாய்ப்பு அதிகம். அங்கே பிளாக் போர்டு என்ற பலகை நல்லது. அதன் உள்ளே மரச்சட்டங்கள் நீளவாக்கில் ஓடுவதால் நேராக நிற்கும். ஆனால் அதை அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். எந்தப் பலகையானாலும் ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டி, உள்பக்கம் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று மிச்சம் பிடித்தால் வளையும். இரண்டு பக்கமும் ஒட்டினால்தான் இழுப்பு சமமாகும். உள்பக்கத்துக்கு லைனர் என்கிற மெல்லிய வெள்ளை மைக்கா போதும்.

தட்டுகள் மூன்றடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் ஓடக்கூடாது. பட்டுப்புடவை அடுக்கினால் தெரியும்.

பூஜை அறைக்கு ஒரு வார்த்தை. விளக்கு எரிகிற தட்டில் கல்லோ டைலோ பதித்துவிடுங்கள். சுடருக்கு நேர் மேலே பலகைத் தட்டு வைக்காதீர்கள். கார்த்திகை மாசம் ஒரு வீட்டில் மேல்தட்டு மைக்கா கொப்புளித்துக் கருகியிருந்ததைப் பார்த்தேன். நல்ல வேளை, அதோடு போனது.

ஹாலில் டி.வி. பின்னால் வரும் பூ வேலைக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நன்றாக இருக்கும். ஆனால் அது தரையைத் தொடக்கூடாது. மாப் போடுகிற தண்ணீரே அதற்குப் போதும்.

கரையான் பசையைப் பார்த்து வருவதில்லை

செம்மண் பூமி, பக்கத்துக் காலி மனையிலேயே புற்று நிற்கும். இங்கே அடிக்கடி கேட்கிற பேச்சு, "710 போட்டிருக்கேன், கரையான் வராது." 710-க்கு மருந்து ஏற்ற வேண்டும் என்று தரக்குறிப்பு சொல்வது உண்மைதான். ஆனால் பசை தண்ணீரைத் தாங்குவது வேறு, மரம் கரையானைத் தாங்குவது வேறு. எம்.ஆரோ பி.டபிள்யூ.ஆரோ எடுத்தால் மருந்து ஏற்றியதா என்று தனியாகக் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், கரையான் நேராக அலமாரிக்கு வருவதில்லை. தரை விரிசல், நிலைக்கால், ஒயர் போகும் பைப் என்று வழி பிடித்து வருகிறது. பேனலுக்குப் பின்னால் அடிக்கிற ரீப்பர் கட்டைதான் அதற்கு முதல் சோறு. ஆயிரக்கணக்கில் பலகைக்குக் கொடுத்துவிட்டு, ரீப்பருக்கு மட்டும் பழைய சென்ட்ரிங் கட்டையை அறுத்துப் போட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அஸ்திவாரத்தின்போதே மண்ணுக்கு மருந்து அடித்திருந்தால் நல்லது. அடிக்கவில்லையா, உள்வேலை தொடங்கும் முன் சுவரும் தரையும் சேரும் இடத்தில் துளை போட்டு மருந்து விட்டுவிடுங்கள். அலமாரி நின்ற பிறகு அந்த மூலைக்கு யாரும் போக முடியாது.

கடையில் எதைப் பார்ப்பது

கம்பெனி பெயரோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் மேலே ஐ.எஸ். எண், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை, முத்திரை தரும் அரசு அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். பலகையில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் அந்த ஷீட் வேண்டாம்.

அப்புறம் ஓரத்தைப் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவே சந்து தெரிகிறதா? ஓரம் முழுக்கப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். பீனால் பசையின் கோடு கருப்பாக, கரும்பழுப்பாக ஓடும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சாயம் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். முகத்தில் இருக்கும் சிவப்பும் அப்படித்தான். ஷீட்டைப் படுக்க வைத்து, நாணயத்தால் அங்கங்கே தட்டிக்கொண்டே போனால் உள்ளே பொக்கு இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். தடிமனை அளக்கச் சொல்லுங்கள். 18 என்று விற்பது அளந்தால் 16-ஐத் தொட்டு நிற்பதுண்டு. இரண்டு பேர் தூக்கிப் பார்ப்பதும் உதவும். 18 மி.மீ. முழு ஷீட் சாதாரணமாக 32 முதல் 40 கிலோ வரை இருக்கும். ஒரே ஆள் அலட்சியமாகத் தூக்கித் தோளில் வைத்தால், உள்ளே என்ன மரம் என்று கேட்க வேண்டிய நேரம் அது.

710 என்று சொல்லி விற்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு வாங்கிவாருங்கள். பின்வாசலில் வெந்நீர் அடுப்பு இருக்கிற வீடு என்றால் வேலை சுலபம். பழைய அலுமினியப் பாத்திரத்தில் போட்டு நாலைந்து மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஆறியதும் கத்தி நுனியால் ஏட்டைப் பிரிக்கப் பாருங்கள். பிரிந்தால் அது 710 இல்லை. பிரியாவிட்டால் 710தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, 72 மணி நேரம் கொதிக்க வைக்க நம்மிடம் விறகு ஏது. ஆனாலும் படுமோசமானது இந்த அடுப்பில் கழிந்துவிடும்.

வந்து இறங்கிய பின்

தை மாசம் கிரகப்பிரவேசம் என்று தேதி குறித்துவிட்டு, மார்கழியில் பூச்சு முடித்து, அடுத்த வாரமே அலமாரியைச் சுவரில் சாத்துகிறார்கள். சுவருக்குள் இருக்கும் தண்ணீர் எங்கே போகும்? பலகையின் முதுகுக்குத்தான். பனிக்காலத்தில் ஓசூர், தளி பக்கம் சுவர் காய இன்னும் நாளாகும். பூச்சு முடிந்து, நீராற்றி, சுவர் வெளுக்கும் வரை பொறுங்கள். முகூர்த்தத்தைத் தள்ள முடியாதென்றால் பால் காய்ச்சிக் குடிபோய்விட்டு, அலமாரியைப் பங்குனியில் மாட்டுங்கள். துணியைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாசம் ஓட்டலாம்.

இறக்கிய ஷீட்டைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளையும். தரையில் மூன்று கட்டை போட்டு அதன்மேல் படுக்க வையுங்கள். முத்திரை இருக்கும் பக்கம் அறுபடும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று அச்சடித்திருப்பதைக் கேட்டுப் போகிற நாள் வந்தால் முதலில் பில்லைத்தான் கேட்பார்கள். மாற்றித் தருவதும் பெரும்பாலும் பலகையைத்தான். ஆசாரி கூலி, மைக்கா, கீல் எல்லாம் உங்கள் பாடு.

பாலக்கோட்டு அக்கா வீட்டில் பில் இல்லை. ஈரப் பலகையை அறுத்தெடுத்துவிட்டு, கிருஷ்ணகிரிப் பட்டறை ஒன்றிலிருந்து மூன்றடிக்கு இரண்டடி கிரானைட் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டோம். கதவு மட்டும் 710-இல் புதிதாகச் செய்தோம். குழாய் வாஷரையும் மாற்றிவிட்டுத்தான் கிளம்பினேன்.