மாமாவின் ஏழு பெட்டிகள்: பழைய அலுவலகத் தாள்களை ஒழுங்குபடுத்துவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஏழு அட்டைப் பெட்டிகள் பல ஆண்டுகளாகக் கிடந்தன. தோட்டப் பள்ளியில் படித்து, வேதியியல் பேராசிரியராகி, அறிவியல் புல முதல்வராகவும் இருந்து மறைந்த என் தாய்மாமாவின் அலுவலகத் தாள்கள். உங்கள் வீட்டிலும் ஓர் ஆசிரியரோ தோட்டக் கணக்கு எழுதும் கிராணியோ விட்டுப்போன பெட்டி இருந்தால் இந்த முறை உதவும்.

படி 1: அடுக்காதீர்கள்

நான் செய்த பிழை இதுதான். முதல் பெட்டியைக் கவிழ்த்து, தாள்களையெல்லாம் தேதி வரிசையில் அடுக்கினேன். ஒரே பிற்பகலில் வேலை முடிந்தது. பார்க்கவும் அழகாக இருந்தது. ஆனால் எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்பது தொலைந்துபோனது. உரியவர் வைத்திருந்த வரிசையை ஆவணக் காப்பாளர்கள் ‘மூல ஒழுங்கு’ என்கிறார்கள். அதைக் கலைப்பது, தோட்டத்தில் ஆள்வருகையைப் பதியும் செக்ரோல் புத்தகத்தின் ஏடுகளைப் பிரித்துக் குலுக்கிப் போடுவதற்குச் சமம்.

பெட்டிக்கு எண் கொடுங்கள். திறந்ததும் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு கோப்பின் மூலையிலும் பென்சிலால் ‘3/7’ என்பதுபோல எழுதுங்கள்: மூன்றாம் பெட்டி, ஏழாம் கோப்பு. பேனா வேண்டாம்.

படி 2: பூச்சியும் ஈரமும்

நம் ஊர்க் காற்றின் ஈரம் தாளுக்குப் பகை. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காக வெயிலில் காயப்போடாதீர்கள்; மின்விசிறிக் காற்று போதும். இராமபாணப் பூச்சி தெரிந்தால், காய்ந்த கோப்பை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் இறுகக் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்தே பையைப் பிரியுங்கள், இல்லாவிட்டால் தாள் வியர்த்துவிடும். எங்கள் வீட்டில் மீனுக்கும் கோப்புக்கும் இடச்சண்டையே நடந்தது.

படி 3: குண்டூசி

துருப்பிடித்த ஊசியை இழுக்காதீர்கள். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, மெதுவாக நெம்பி எடுங்கள். சேர்ந்திருந்த தாள்களை மடித்த வெள்ளைத் தாளுக்குள் ஒன்றாகவே வையுங்கள்.

நான் கலைத்த பெட்டியை மீட்டுக் கொடுத்ததும் அந்தத் துருதான். ஆய்வகத்துக்குப் புகை வெளியேற்றும் அலமாரி வேண்டும் என்று ஒரு கடிதம். அதன் இடது மூலையில் சாய்வாக ஒரு பழுப்புக் கோடு, கோட்டின் நுனியில் ஊசித் தலையின் வட்டம். வெங்காயத்தோல் போன்ற ஒரு கார்பன் நகலிலும் அதே சாய்வு, அதே வட்டம். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தேன்; துளைகள் பொருந்தின. நகலில் இருந்தது, நிதி இல்லை என்ற மறுப்பு. கேட்டவர் வேதியியல் துறைத் தலைவர், மறுத்தவர் பொறுப்பு புல முதல்வர். இரண்டுக்கும் கீழே மாமாவின் கையெழுத்து!

படி 4: இரண்டு நாற்காலி, இரண்டு வரிசை

அதே கடித இணை நான்காம் பெட்டியிலும் தலைகீழாகக் கிடைத்தது: அங்கே கோரிக்கை கார்பன் நகல், மறுப்பு அசல். முதல் பெட்டியில் இருந்தது புல முதல்வரின் கோப்பு, நான்காம் பெட்டியில் இருந்தது துறையின் கோப்பு. ‘இரட்டைப்படி’ என்று ஒன்றைக் குப்பையில் போட்டிருந்தால் ஒரு நாற்காலியின் கதை போயிருக்கும். பேராசிரியர் வேலை, நிர்வாக வேலை, வீட்டுக் கடிதம் மூன்றையும் ஒரு கோப்புப் பட்டியலில் தனித்தனியாகக் குறியுங்கள். தாள்களை இடம் மாற்றாதீர்கள்.

படி 5: தேதியில்லாத தாள்

கடிதத்தலைப்பைப் பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமானது 1962 ஜனவரி 1 அன்று. மலேசியா உருவானது 1963இல். மலாய்க் கடிதமானால் எழுத்துக்கூட்டலே சாட்சி சொல்லும். 1972இல் புதிய எழுத்துமுறை வந்தபோது ‘சி’க்குப் (c) பின்னால் வந்த ‘எச்’ (h) உதிர்ந்தது. அது ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய தாள். நீங்களாக ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள்.

படி 6: எதை முதலில் நகலெடுப்பது?

வெப்பத்தாளில் வந்த தொலைநகல்களை உடனே. வெயிலும் சூடும் பட்டு அந்த எழுத்து மங்கிக்கொண்டே போகும். கார்பன் நகலில் மை நிலைக்கும், தாள்தான் நொறுங்கும். படிகாரமும் பைன் மரப் பிசினும் சேர்த்துச் செய்த பழைய தாளில் அமிலம் ஊறி, செல்லுலோஸ் இழைகளை அறுக்கிறது. மாமா இதை வகுப்பில் விளக்கியிருப்பார். தம் கோப்புகளுக்கு மட்டும் மலிவுத் தாளையே வாங்கியிருக்கிறார்.

படி 7: ஒப்படைப்பதற்கு முன்

மாணவர் மதிப்பெண், ஒழுங்கு நடவடிக்கை, பதவி உயர்வுக் குறிப்பு ஆகியவற்றைத் தனிப் பட்டியலில் எழுதுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கிழித்தும் போடாதீர்கள். தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் 2003இன்படி, பொதுப் பதிவேடுகளை அழிக்கத் தலைமை இயக்குநரின் எழுத்து அனுமதி வேண்டும். அலுவல் கோப்புகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு முதலில் எழுதிக் கேளுங்கள். பெட்டிகளோடு பட்டியலையும் பெறுபவரிடம் கொடுத்து, பட்டியலின் ஒரு நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கலைத்த முதல் பெட்டிக்குள், ‘இந்த வரிசை மாமாவுடையது அன்று, என்னுடையது’ என்று எழுதி ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்.