பழைய வண்டியில செக் எஞ்சின் லைட்டு எரியுதா? சென்சார் வாங்கறதுக்கு முன்னாடி இத்தெல்லாம் பாருங்க

மஞ்சள் கலர்ல எஞ்சின் படம் போட்ட லைட்டு எரிஞ்சா முதல்ல பாக்க வேண்டியது அது நின்னு எரியுதா, விட்டு விட்டு மின்னுதான்னு தான். நின்னு எரியுது, வண்டி எப்பவும் போல இழுக்குது, டெம்பரேச்சர் முள்ளு அதோட எடத்துலயே இருக்குதுன்னா பதற வேணாம், குடியாத்தத்துலருந்து யாரையாச்சும் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு வந்துட்டு இருக்கீங்கன்னா மெதுவா வந்து சேருங்க, வண்டிய சாயங்காலம் பாத்துக்கலாம். மின்னுச்சுன்னா அப்படி விடக்கூடாது. ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் எரியாம அப்படியே சைலன்சர் பக்கம் போவுதுன்னு அர்த்தம், அது புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள போய் எரிஞ்சு அத்த பழுக்க காய்ச்சிடும், உள்ள இருக்கற ஜல்லடை உருகி அடைச்சுக்கிச்சுன்னா செலவு பெருசா போயிடும். ஆக்ஸிலேட்டர குறைச்சு ஓரம் கட்டுங்க, காஞ்ச புல்லு மேல மட்டும் நிறுத்தாதீங்க. செகப்பு கலர்ல ஆயில் லைட்டோ டெம்பரேச்சர் லைட்டோ எரிஞ்சா அது வேற சமாச்சாரம், ஓரமா நிறுத்தி உடனே எஞ்சின ஆஃப் பண்ணிடணும், ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீங்க.

செகண்ட் ஹேண்ட் வண்டி பாக்க போறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். சாவிய ஆன்ல வெச்சா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இந்த லைட்டு எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். ஆன்ல வெச்சும் எரியவே இல்லன்னா பல்பு போயிருக்கும், இல்லன்னா யாரோ பல்ப கழட்டிட்டோ பின்னாடி டேப்பு ஒட்டிட்டோ விக்கறாங்க, காரணம் தெரியாம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

ஸ்கேனர் (வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான குறைய படிக்கற கருவி) மாட்டறதுக்கு முன்னாடி பானெட்ட தொறந்து பொறுமையா பாருங்க, பழைய வண்டியில பாதி பிரச்சனை கண்ணுக்கே தெரியும். பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருக்கா, பேட்டரி மைனஸ்லருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போற எர்த் வயரு துரு புடிச்சு லூசா இருக்கா, ஏர் ஃபில்டர்லருந்து எஞ்சினுக்கு போற ரப்பர் ஹோஸ் மடிப்புல விரிசல் விட்டிருக்கா, சின்ன சின்ன வேக்கம் ஹோஸ் எதாச்சும் கழண்டு தொங்குதா. நம்ம பக்கம் வெயிலுக்கு எஞ்சின் ரூம்ல இருக்கற ரப்பரும் வயர இணைக்கற கப்ளர் பிளாஸ்டிக்கும் பத்து வருஷத்துல மொறுமொறுன்னு ஆயிடும், கைய வெச்சா ஒடையும், அதனால கப்ளர கழட்டறப்போ லாக்க அமுக்கிட்டு நிதானமா இழுங்க. அப்புறம் எலி. காட்பாடி காந்தி நகர், பாகாயம் மாதிரி மரமும் காலி மனையும் இருக்கற எடத்துல ராத்திரி நிறுத்தற வண்டிக்கெல்லாம் எலி வயர கடிக்கறது சாதாரணம், இன்ஜெக்டர் வயரு, ஆக்ஸிஜன் சென்சார் வயரு, இன்டேக் மேல ஓடற வயரு இதெல்லாம் டார்ச் அடிச்சு பாத்துடுங்க. மொதநாள் வாட்டர் வாஷ் பண்ணீங்களான்னும் யோசிங்க, ப்ளக்குக்கு கரண்ட் குடுக்கற காயில் கப்ளர்ல தண்ணி பூந்தாலே மிஸ்ஃபயர் (சிலிண்டர்ல பெட்ரோல் எரியாம போறது) வரும், காஞ்சா சரியாயிடும்.

மல்டிமீட்டர் இருந்தா பேட்டரி வோல்ட் பாருங்க. ராத்திரி பூரா நின்ன வண்டியில 12.6 கிட்ட இருக்கணும், ஓடறப்போ 13.5லருந்து 14.5 வரைக்கும். இதுக்கு ரொம்ப கீழ போனா வண்டி கம்ப்யூட்டரான ஈசியூவே குழம்பிடலாம், சம்பந்தமே இல்லாத நாலு கோடு (குறை இன்னான்னு சொல்ற நம்பர்) ஒண்ணா வரும். அந்த மாதிரி கும்பலா கோடு வந்தா முதல்ல பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த், இந்த மூணத்தான் புடிக்கணும்.

இப்ப ஸ்கேனர். ஸ்டியரிங் கீழ 16 பின் கப்ளர் இருக்கும். இந்தியாவுல பிஎஸ்4 புகை விதிப்படி வந்த வண்டிங்களுக்கு ஓபிடி 1 (வண்டி தன் குறைய தானே கண்டுபிடிக்கற ஏற்பாடு) கட்டாயம் ஆனது 2010 ஏப்ரல்ல, ஓபிடி 2 கட்டாயம் ஆனது 2013 ஏப்ரல்ல, நாடு முழுக்க பிஎஸ்4 வந்ததே 2017 ஏப்ரல்ல தான். அதனால 2008 மாடல் வண்டியில கப்ளர் அதே ஷேப்புல இருந்தாலும் ஆன்லைன்ல மலிவா விக்கற ப்ளூடூத் ஸ்கேனர் கனெக்ட் ஆகும்னு நிச்சயம் இல்ல. பழைய வண்டிங்க நிறைய கே லைன்னு சொல்ற 7ஆம் பின் வழியா பேசும், மலிவான டூப்ளிகேட் ஸ்கேனர்ல பலதுக்கு அந்த பாஷை வராது, கனெக்ட் ஆகலன்னா ஈசியூ போச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஸ்கேனர்ல லைட்டே எரியலன்னா 16ஆம் பின்ல 12 வோல்ட் வருதா பாருங்க, வரலன்னா ஃபியூஸ் போயிருக்கும். பழைய மாருதி வண்டிங்க சிலதுல டயக்னாஸிஸ் கப்ளர்ல குறிப்பிட்ட ரெண்டு டெர்மினல ஷார்ட் பண்ணா அந்த லைட்டே மின்னி மின்னி கோடு சொல்லும், ஒரு தடவ மின்னி கேப்பு விட்டு ரெண்டு தடவ மின்னுச்சுன்னா 12, அதாவது குறை ஒண்ணும் பதிவாகல. எந்த டெர்மினல்னு உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல பாத்து உறுதி பண்ணாம கம்பிய சொருகாதீங்க, தப்பான பின்ல போட்டா ஈசியூவே போயிடும்.

கோடு வந்ததும் உடனே அழிக்காதீங்க, ஸ்க்ரீன ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. கோடோட கூடவே ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒண்ணு இருக்கும், லைட்டு எரிஞ்ச நேரத்துல வண்டி இன்னா ஸ்பீடு, எஞ்சின் எவ்ளோ சூடு, ஆர்பிஎம் எவ்ளோன்னு அதுல இருக்கும், அழிச்சா அதுவும் போயிடும். பேட்டரி வயர கழட்டி மாட்டி லைட்ட அணைக்கறதும் இதே கணக்கு தான், தடயம் அழிஞ்சிடும், ஈசியூ கத்துக்கிட்ட ஐட்லிங்கும் போயி கொஞ்ச நாள் வண்டி சிக்னல்ல ஆஃப் ஆயிட்டு இருக்கும்.

நான் இவ்ளோ நீட்டி சொல்றதுக்கு காரணமே இது தான்: கோடுல ஆக்ஸிஜன் சென்சார் பேரு வந்தா ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, அந்த சென்சார் காட்டற அளவு ஈசியூ எதிர்பாத்த மாதிரி இல்லன்னு மட்டும் தான் அர்த்தம். சென்சார் சரியா இருந்து நெஜத்தையே சொல்லிட்டு இருக்கலாம். சைலன்சர் மேனிஃபோல்ட் கேஸ்கட்ல லீக் இருந்தா வெளிக்காத்து உள்ள பூந்து சென்சார் மேல படும், அது பாவம் ஆக்ஸிஜன் ஜாஸ்தின்னு சரியா தான் சொல்லுது, நாம சென்சார மாத்திட்டு ஒரு வாரத்துல அதே லைட்டோட திரும்ப வந்து நிப்போம். சம்பளக்காரங்க மூவாயிரம் நாலாயிரத்த இப்படி வீணாக்கறத பாத்தா மனசு கஷ்டமா இருக்கு.

அதிகமா வர்ற கோடு பி0171, கலவையில காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். இதுக்கு ஸ்கேனர்ல வண்டி ஓடறப்போவே அளவு காட்டற லைவ் டேட்டாவுல ஃப்யூயல் ட்ரிம்ம (ஈசியூ பெட்ரோல எவ்ளோ கூட்டுது, குறைக்குதுங்கற அளவு) பாருங்க, ப்ளஸ்ஸோ மைனஸோ பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா பரவால்ல. ஐட்லிங்ல ப்ளஸ் இருவது காட்டி, 2500 ஆர்பிஎம்ல புடிச்சா நார்மலுக்கு இறங்குச்சுன்னா வேக்கம் லீக், ஹோஸையும் இன்டேக் கேஸ்கட்டையும் பாருங்க. ஐட்லிங்ல நல்லா இருந்து, என்எச்ல மிதிக்கறப்போ ஏறுச்சுன்னா பெட்ரோல் பத்தல, ஃபில்டர், பம்பு, இன்ஜெக்டர் இந்த பக்கம் போங்க. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கு, அதுல ஆக்ஸிஜன் இருக்கறதால ஈசியூ கொஞ்சம் கூடுதலா பெட்ரோல் ஊத்த வேண்டி வரும், ஏற்கெனவே எல்லையில ஓடிட்டு இருந்த பழைய வண்டிங்களுக்கு அந்த கொஞ்சமே லைட்ட எரிய வெச்சிடலாம், பழைய ரப்பர் ஹோஸும் சீக்கிரம் கெடலாம்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு கேஸ் இருக்கு, அத்த கொஞ்சம் விளக்கமா சொல்லணும். வண்டி ஒருக்கா ஹீட் ஆச்சுன்னு போனா, நம்ம வெயிலுக்கு இதெல்லாம் தேவையில்லன்னு சொல்லி எஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம தடுக்கற தெர்மோஸ்டாட் வால்வ கழட்டி போட்டுட்டு ரேடியேட்டர் ஃபேன டைரக்ட்டா குடுத்து அனுப்பறது ரொம்ப நாளா நடக்குது. ஹீட் ஆகறது நின்னுடும், ஓட்டறவங்களுக்கு திருப்தி. ஆனா எஞ்சின் 85, 90 டிகிரிக்கு வரவே வராது, ஹைவேல அறுபது எழுபதுலயே நிக்கும், ஈசியூ எஞ்சின் இன்னும் சூடாகலன்னு நெனச்சு பெட்ரோல ஜாஸ்தியா ஊத்திட்டே இருக்கும், மைலேஜ் போயிடும், ப்ளக்கு கரி புடிக்கும், கடைசியில எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வரலன்னு சொல்ற பி0128 கோடு வரும். அப்ப எல்லாரும் கூலன்ட் சென்சார மாத்துவாங்க. தயவு செஞ்சு முதல்ல தெர்மோஸ்டாட் உள்ள இருக்கான்னு பாருங்க, இல்லன்னா போடுங்க, ஃபேன் பழையபடி தானா ஆன் ஆகி ஆஃப் ஆகற மாதிரி செய்ய சொல்லுங்க. வெயில் ஊருக்கும் அந்த வால்வு வேணும்.

கூலன்ட் சென்சார் நல்லா இருக்கான்னு செலவே இல்லாம பாக்கலாம். விடியக்காலைல வண்டிய ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாவிய ஆன்ல மட்டும் வெச்சு லைவ் டேட்டாவுல கூலன்ட் டெம்பரேச்சரும் இன்டேக் காத்து டெம்பரேச்சரும் பாருங்க. ராத்திரி பூரா நின்ன வண்டியில ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா, வெளி சூட்டு அளவுக்கு இருக்கணும், மே மாசம்னா ரெண்டும் 30 பக்கத்துல. ஒண்ணு 30, இன்னொண்ணு 8 காட்டுச்சுன்னா 8 காட்டறது பொய். மைனஸ் 40 காட்டுச்சுன்னா வேலூர்ல அது நடக்காது, வயரு அறுந்திருக்கு இல்ல கப்ளர் கழண்டிருக்கு. அப்ப கப்ளர கழட்டி, வயர் பக்கம் இருக்கற ரெண்டு பின்னையும் ஒரு சின்ன கம்பியால சேத்து பாருங்க (இது ரெண்டு வயர் இருக்கற டெம்பரேச்சர் சென்சாருக்கு மட்டும், வேற சென்சார்ல செய்யாதீங்க). அளவு சட்டுனு நூத்துக்கு மேல எகிறுச்சுன்னா வயரும் ஈசியூவும் நல்லா இருக்கு, சென்சார் தான் போச்சு, இப்ப தாராளமா வாங்குங்க. எகிறலன்னா வயர தேடுங்க.

பி0301லருந்து பி0304 வரைக்கும் வந்தா கடைசி நம்பர் தான் மிஸ்ஃபயர் ஆகற சிலிண்டர். ஒவ்வொரு ப்ளக்கு மேலயும் தனி காயில் இருக்கற வண்டின்னா ஒண்ணாம் காயில மூணுக்கும் மூணாம் காயில ஒண்ணுக்கும் மாத்தி போட்டு, கோட அழிச்சு ஓட்டி பாருங்க. 0301 போயி 0303 வந்துச்சுன்னா காயில் தான். அசையாம அங்கயே இருந்தா ப்ளக்கையும் இதே மாதிரி மாத்தி பாருங்க, அப்புறம் இன்ஜெக்டர், கடைசியா கம்ப்ரெஷன். கேஸ் கிட்டு போட்ட வண்டின்னா முதல்ல பெட்ரோல்ல மட்டும் ரெண்டு நாள் ஓட்டுங்க, லைட்டு வரலன்னா தப்பு கிட்டு ட்யூனிங்ல இருக்கு.

டீசல் பத்தி சுருக்கமா. பி0087 வந்தா ஃபில்டர், அதுல தங்கன தண்ணி, பி0299 வந்தா டர்போ ஹோஸ் கிழிஞ்சிருக்கா, பி0401 வந்தா புகைய கொஞ்சம் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பற ஈஜிஆர் வால்வுல கரி. இதுல எதுக்கும் முதல்லயே பம்பு, டர்போ மாத்த சம்மதிக்காதீங்க.

யூட்யூப்ல அமெரிக்காகாரங்க பெட்ரோல் மூடிய இறுக்குங்கன்னு முதல்ல சொல்வாங்க. அவங்க ஊர் வண்டியில டேங்க்லருந்து ஆவி லீக் ஆவுதான்னு ஈசியூ சோதிக்கும், நம்ம பழைய வண்டிங்கள்ல பெரும்பாலும் அந்த சோதனை கிடையாது, அதனால மூடிய நம்பி ஒக்காந்திருக்காதீங்க.

மெக்கானிக்கிட்ட போறதா இருந்தா லைட்டு எரியுதுன்னு மட்டும் சொல்லாதீங்க. "அண்ணா, 0171 வந்துச்சு, ஐட்லிங்ல ட்ரிம் இருவது காட்டுது, ரைஸ் பண்ணா இறங்குது, புகை விட்டு லீக் பாக்க முடியுமா"ன்னு கேளுங்க, நல்ல மெக்கானிக்குக்கு இது பெரிய உதவி, அவரு நேரமும் மிச்சம். கழட்டன பழைய பார்ட்ட கேட்டு வாங்கிக்கோங்க.

வேலை முடிஞ்சதும் கோட அழிச்சுட்டு சத்துவாச்சாரி பக்கத்துலருந்து பெங்களூர் ரூட்ல பள்ளிகொண்டா டோலுக்கு முன்னாடி வரைக்கும் ஒரே சீரா ஓட்டி, டவுனுக்குள்ள சிக்னல்ல நின்னு நின்னும் கொஞ்சம் ஓட்டுங்க, ரெண்டு விதமும் வேணும். திரும்பி வந்து ஸ்கேனர்ல பெண்டிங் கோடுன்னு இருக்கறத பாருங்க, லைட்டு எரியறதுக்கு முன்னாடியே அங்க வந்துடும். அழிக்காம விட்டாலும் குறை சரியாயிருந்தா ஓபிடி 2 வண்டியில மூணு தடவ தொடர்ந்து சோதனை நல்லபடி முடிஞ்சதும் லைட்டு தானா அணையும், கோடு மட்டும் ஈசியூ உள்ள நாப்பது தடவ எஞ்சின் சூடாகி ஆறற வரைக்கும் கெடக்கும். ஸ்கேனர கழட்டி எடுத்துடுங்க, மாட்டியே விட்டா நிறுத்தி வெச்ச வண்டியில பேட்டரி இறங்கும்.