பழ ஈயில் ஆண்–பெண் மரபணு ஒப்பீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து ஆண் ஈ, பத்து பெண் ஈ. இரண்டையும் முழுதாக அரைத்து ஆர்என்ஏ (மரபணு வேலை செய்யும்போது உருவாகும் அதன் நகல்) எடுத்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் வேறுபட்டுத் தெரியும். அதைக் கண்டதும் ‘மரபணு ஒழுங்காற்றல் (மரபணுக்களைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) இவ்வளவு மாறுகிறது’ என்று முடிவுகட்டுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. முட்டையிடும் பெண்ணின் வயிற்றில் பெரும்பகுதி சூலகம். ஆணுக்கு அது கிடையாது, விந்தகம்தான். ஆக, எந்த உறுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் அளந்திருப்பீர்கள். ஒரே வகைச் செல்லில் ஒரு மரபணு கூடுகிறதா குறைகிறதா என்பது வேறு கேள்வி. சூலகத்தையும் விந்தகத்தையும் நீக்கிவிட்டு மீதி உடலை ஒப்பிட்டாலே பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும்.

தலையை மட்டும் வெட்டி எடுத்தால் போதும் என்பதும் அரைகுறைத் தீர்வு. பெண் தலைகளில் வொய்பி1, வொய்பி2, வொய்பி3 என்ற மஞ்சள்கருப் புரத மரபணுக்கள் பளிச்சென்று மேலே நிற்கும். அவற்றை வெளிப்படுத்துவது மூளை அல்ல, தலைக்குள் இருக்கும் கொழுப்புத் திசு. மூளையைப் பற்றித்தான் பேச்சு என்றால் மூளையைத் தனியே பிரித்தெடுத்தே ஆக வேண்டும்.

ஈக்களைச் சேகரிப்பதிலும் கோட்டை விடுவார்கள். 25 டிகிரி செல்சியஸில் வளரும் பெண் ஈக்களைக் கூட்டிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் பிரிக்காவிட்டால் இனச்சேர்க்கை நடந்திருக்கலாம். விந்துத் திரவத்தோடு வரும் செக்ஸ் பெப்டைடு பெண்ணின் நடத்தையையும் மரபணு வெளிப்பாட்டையும் மாற்றிவிடும். புதிதாக வெளிவந்த ஈ வெளிறியிருக்கும். அப்போது வயிற்று நுனியின் கறுப்பை நம்பிப் பால் பிரிக்காதீர்கள். ஆணின் முன்னங்காலில் உள்ள சீப்பு போன்ற கறுத்த முட்களைப் பாருங்கள். ஆண்களைக் காலையிலும் பெண்களை மாலையிலும் உறையவைத்தால் உடற்கடிகார மரபணுக்கள் எல்லாம் ‘பால் வேறுபாடு’ என்று வந்து நிற்கும். வயதும் ஒன்றாக இருக்கட்டும், 3 முதல் 5 நாள்வரை வசதி.

தரவு வந்ததும் முதல் வேலை, பெண் மாதிரிகளில் ராக்ஸ்1, ராக்ஸ்2 ஆர்என்ஏ தெரிகிறதா என்று பார்ப்பது. வளர்ந்த ஈக்களில் இவை ஆணுக்கே உரியவை. ஆண் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தெரிந்தால், பத்துப் பெண்களுக்கு நடுவே ஓர் ஆண் புகுந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

பாலூட்டிகளின் பாடத்தை ஈயின்மேல் ஏற்றுவது இன்னொரு வழக்கம். பாலூட்டிகளில் பெண்ணின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அணைக்கப்படும்; பழ ஈயில் பெண்ணின் எக்ஸ் எதுவும் அணைக்கப்படுவதில்லை. ஆணின் ஒற்றை எக்ஸின்மேல் எம்எஸ்எல் என்ற புரதக் கூட்டமைப்பு அமர்ந்து, டிஎன்ஏ சுற்றியிருக்கும் எச்4 ஹிஸ்டோன் புரதத்தின் 16ஆம் லைசினில் அசெட்டைல் குழுவைச் சேர்த்து, வெளிப்பாட்டை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது. பெண்ணில் செக்ஸ்-லெத்தல் புரதம், அந்தக் கூட்டமைப்புக்குத் தேவையான எம்எஸ்எல்-2 உருவாகாமல் தடுத்துவிடுகிறது. விந்தகத்தின் இனச்செல்களில் இந்தக் கூட்டமைப்பு வேலை செய்வதில்லை; அங்கே எக்ஸ் மரபணுக்கள் குறைவாகத் தெரிந்தால் உடனே ‘பெண் சார்பு’ (பெண்ணில் கூடுதலாக வெளிப்படுபவை) என்று முத்திரை குத்த வேண்டாம். ஒய் குரோமோசோம் ஆணைத் தீர்மானிப்பதுமில்லை: எக்ஸ்எக்ஸ்ஒய் ஈ பெண், ஒய் இல்லாத ஒற்றை எக்ஸ் ஈ மலட்டு ஆண்.

ஒரு மரபணுவின் மொத்த ஆர்என்ஏ எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள், டபுள்செக்ஸ் என்ற பால் நிர்ணய மரபணுவின் வேறுபாட்டைத் தவறவிடுவார்கள். இரு பாலிலும் அது வெளிப்படுகிறது. மாறுவது அதன் ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் முறை. பெண்ணில் டிரான்ஸ்ஃபார்மர் புரதம் 4ஆம் எக்ஸானை (வெட்டி ஒட்டிய பின் ஆர்என்ஏவில் மிஞ்சும் துண்டு) சேர்க்க வைக்கிறது, ஆணில் அது தாண்டப்பட்டு 5ஆம் எக்ஸான் வருகிறது. எக்ஸான் சந்திப்புகளைத் தாண்டி அமையும் வாசிப்புகளை (கருவி படித்த ஆர்என்ஏ வரிசைத் துண்டுகள்) எண்ணினால்தான் இது தெரியும்.

புள்ளியியலில் அடிக்கடி சறுக்கும் இடம்: ஒரு சிகிச்சையின் விளைவு பெண்ணில் புள்ளியியல் முக்கியத்துவம் பெற்று ஆணில் பெறவில்லை என்பதாலேயே பாலுக்குப் பால் வேறுபடுகிறது என்று ஆகிவிடாது. பால்–சிகிச்சை இடைவினையை, அதாவது சிகிச்சையின் விளைவு இரு பாலிலும் வேறுபடுகிறதா என்பதை, நேரடியாகச் சோதிக்க வேண்டும். கலப்பின ஈக்களில் தாய்வழி, தந்தைவழி அல்லீல்களை (ஒரே மரபணுவின் இரு வடிவங்கள்) ஒப்பிடுபவர்கள், ஆணின் எக்ஸ் மரபணுக்களை அந்தக் கணக்கிலிருந்து முதலிலேயே நீக்கிவிடட்டும். அங்கே ஒப்பிட இரண்டாவது அல்லீலே கிடையாது.