புல் வெட்டிய பிறகு மினி டிராக்டரில் சத்தமா? கியர் பாக்ஸைப் பிரிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

தோப்பில் ஸ்லாஷர் (டிராக்டரின் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் கருவி) ஓட்டி முடித்து வரும்போதுதான் காதில் படும். காலையில் இல்லாத ஒரு கறகற. உடனே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "கியர் பாக்ஸ் போயிருச்சு போல" என்று தீர்ப்பையும் நாமே சொல்லிவிடுகிறோம். செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சத்தம் டிராக்டரிலா, பின்னால் மாட்டியதிலா? இது தெரியாமல் ஸ்பேனரை எடுக்கவே கூடாது. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி பி.டி.ஓ.வை (பின்னால் மாட்டிய கருவியைச் சுற்ற வைக்கும் டிராக்டரின் அச்சு) அணையுங்கள். சத்தம் நின்றுவிட்டதா? சரி, எஞ்சினையும் அணைத்து, பி.டி.ஓ.வையும் ஸ்லாஷரையும் இணைக்கும் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, பின்னால் யாரும் நிற்காமல் பி.டி.ஓ.வை மட்டும் சுற்ற விடுங்கள். இப்போது அமைதி என்றால் கோளாறு பெரும்பாலும் ஷாஃப்டிலோ ஸ்லாஷரிலோதான். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

காது கொடுத்துக் கேட்கிறேன் என்று ஓடுகிற ஷாஃப்ட் பக்கம் குனியாதீர்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. துண்டு நுனி சிக்கினால் இழுக்க நேரமிருக்காது. சாவியை எடுத்து, பிளேடு முழுக்க நின்று, கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான் ஸ்லாஷருக்கு அடியில் பார்க்க வேண்டும். ஸ்லாஷரைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்டை நம்பித் தலையை நுழைக்கக் கூடாது.

வந்ததும் தண்ணீர் அடித்துக் கழுவுவது நல்ல பழக்கம்தான். ஆனால் சத்தம் கேட்ட அன்று வேண்டாம். நான் கழுவினேன். அதோடு ஆயில் கசிந்த தடமும் போய்விட்டது. மறுநாளும் ஓட்டினேன். அப்புறம் பிளேடைக் கழற்றினால், புல்லுக்குள் கிடந்த பழைய சொட்டுநீர்க் குழாய் ஸ்லாஷரின் கியர் பாக்ஸ் அடியில், பிளேடைச் சுற்றும் ஷாஃப்டை இறுகச் சுற்றியிருந்தது. சூட்டில் உருகிக் கருப்பு வளையல் மாதிரி ஒட்டியிருந்ததைக் கத்தியால் அறுத்துத்தான் எடுத்தோம். ஆயில் சீல் கிழிந்து, கியர் பாக்ஸ் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தது.

கல்லில் அடிபட்ட ஒரு பிளேடை மட்டும் மாற்றினால் ஒரு பக்கம் கனம் கூடி தடதடக்கும், ஜோடியாகவே மாற்றுங்கள். ஷியர் போல்ட் அறுந்தால், கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அது அறுவதற்கென்றே வைத்த போல்ட். அது அறாவிட்டால் அடி நேராகப் பல்சக்கரத்துக்குப் போகும்.

ஸ்லாஷரைத் தூக்கும்போது மட்டும் கடகடத்தால், ஷாஃப்டின் கோணம் அதிகமாகி கிராஸ் (ஷாஃப்ட் மடங்கிச் சுற்ற உதவும் மூட்டு) திணறுகிறது. கிரீஸ் அடியுங்கள், தூக்கும் முன் பி.டி.ஓ.வை அணையுங்கள். லிஃப்ட் 'உய்ய்' என்று ஊளையிட்டால் பம்பை மாற்றும் முன் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலும் ஃபில்டர் அடைத்தாலும் இதே சத்தம்தான்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். செல்போனில் பதிவு செய்து அனுப்பினால் எஞ்சின் இரைச்சல்தான் கேட்கும். பி.டி.ஓ. போட்டாலா, கிளட்சை மிதித்தாலா, தூக்கினாலா, எப்போது வருகிறது என்று சொல்லுங்கள். எந்தச் சாமானோடு கிளம்புவது என்று அவருக்குத் தெரியும்.